கடவுள் கணக்கு

குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒரு தடவைதான் பூக்கும். மூணாறில் 2006-ல் பூத்தது, அடுத்தது 2018. அப்படி ஒரு சீசன் வருகிறதென்றால் சும்மா இருப்பார்களா? லாட்ஜுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், கடன் வாங்கி மாடியில் இரண்டு ரூம் எடுப்பார்கள், ஜீப்புக்குப் புது டயர் போடுவார்கள்.

ஆகஸ்ட்டில் பெய்தது பாருங்கள் மழை! இடுக்கி அணை ஷட்டரை 26 வருஷம் கழித்துத் திறந்தார்கள். பெரியவாரை பாலம் இடிந்து, குறிஞ்சி பூக்கும் ராஜமலைக்கு வழியில்லாமல் போனது. கொச்சி விமான நிலையமே இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. 400 பேருக்கு மேல் செத்துப்போன வெள்ளத்தில் ரூம் வாடகையைப் பற்றிப் பேசுவதா என்று கேட்பீர்கள். பிழைத்தவர்கள் சாப்பிட வேண்டுமே, சார்.

சரி, கொடுத்த அட்வான்ஸ் யாருக்கு? காமர்ஸ் மாணவர்களைப் பாடாய்ப்படுத்தும் 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தில் 56-வது பிரிவு, நிறைவேற்றவே முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்கிறது. 65-வது பிரிவு, அப்படியானால் வாங்கியதைத் திருப்பிக் கொடு என்கிறது. ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'இயற்கைச் சீற்றத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று அச்சடித்திருப்பார்கள். பொறுப்பல்ல, ஒப்புக்கொள்கிறேன். பணம் மட்டும் எப்படி உங்களுடையது ஆகும்? நஷ்டத்தைக் கடவுள் கணக்கில் எழுதிவிட்டு வரவை நம் கணக்கில் வைத்துக்கொள்வது என்ன நியாயம்?

லாட்ஜ்காரர் பக்கமும் கொஞ்சம் பார்க்கவேண்டும். மளிகைக் கடைக்காரர் இன்று விற்காத பருப்பை நாளை விற்பார். இன்று ராத்திரி காலியாகக் கிடந்த ரூமை நாளைக்கு விற்க முடியாது. இன்ஷூரன்ஸும் பொதுவாகச் சுவர் இடிந்தால்தான் காசு தரும். சுவர் நின்று, ரோடு போனால்?

அப்புறம் மழை விட்டது. வழியைச் சரிசெய்தார்கள். பூவும் பூத்தது. ஆனாலும் பலர் வரவில்லை. அவர்கள் கேட்கும் ரீஃபண்டை அதே தராசில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. ரோடு இல்லை என்பது வேறு, தைரியம் இல்லை என்பது வேறு. ஆனால், டி.வி.யில் மண்சரிவைப் பார்த்துவிட்டுக் குழந்தைகளோடு மலையேறப் பயப்படுகிறவரை எப்படித் திட்டுவது? வேறு தேதி கொடுத்துவிடுவதுதான் மரியாதை. குறிஞ்சிக்கு மட்டும் வேறு தேதி என்றால் 2030!

இந்தப் பஞ்சாயத்துக்கே வராத ஆள் ஜீப் டிரைவர். அவர் அட்வான்ஸ் வாங்குவதில்லை. அதனால் திருப்பித் தரவும் வேண்டாம், கையிலும் எதுவும் இல்லை. தவணை கேட்டு ஃபைனான்ஸ்காரர் மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்பார்.