கடைக்காரர் கேமராவும் வாடிக்கையாளர் கேமராவும்

தி.நகர் கடைகளுக்குத் திரை நட்சத்திரங்களை வைத்து விளம்பரம் எடுப்பது புதிதல்ல. ஆனாலும், நடிகர் அல்லாத இருவர் நம் மனதில் பதிந்துவிட்டார்கள். ஒருவர், 'வசந்த் அண்ட் கோ' வசந்தகுமார். சிரித்த முகத்தோடு தம் கடை விளம்பரத்தில் தாமே தோன்றினார். இன்னொருவர், லலிதா ஜுவல்லரி கிரண்குமார். நகையின் விலையை போட்டோ எடுத்துக்கொண்டு போய் மற்ற கடைகளில் ஒப்பிட்டுப் பாருங்கள் என்றார். அந்தப் பேச்சில் ஒரு நுட்பம் இருக்கிறது: காசு கொட்டி எடுத்த விளம்பரமே, சரிபார்க்கும் வேலையை வாடிக்கையாளரின் செல்போனிடம் ஒப்படைக்கிறது.

இன்று மயிலாப்பூர் மெஸ்ஸோ, அடையாறு துணிக்கடையோ, எல்லோருக்கும் இரண்டு கேமராக்கள் உண்டு. தொழில்முறை வீடியோ, 'நாங்கள் யார், என்ன தருகிறோம்' என்று தெளிவாகச் சொல்லும்; பண்டிகைக்கும் புது அறிமுகத்துக்கும் அதுவே சரி. வாங்கியவர் எடுக்கும் வீடியோ, 'சொன்னபடி தந்தார்கள்' என்று சாட்சி சொல்லும். அன்றாட நம்பிக்கைக்கு அது போதும். முன்னது மட்டும் இருந்தால் வீண் பெருமை. பின்னது மட்டும் இருந்தால் கடைக்கென்று ஒரு முகமே இராது.

சாட்சியை விலைக்கு வாங்கிவிட்டு மறைப்பதுதான் தவறு. பணமோ இலவசப் பொருளோ பெற்றுப் போடும் பதிவில், அது விளம்பரம் என்று குறிப்பிட வேண்டும் என்பது இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021-இல் கொண்டுவந்த நெறிமுறை.

வாடிக்கையாளரின் வீடியோவை அனுமதி கேட்டுப் பகிருங்கள். குறை சொல்லும் வீடியோவுக்கும் பதில் சொல்லுங்கள். சரக்கு நன்றாக இருந்தால் இரண்டு கேமராவும் ஒரே கதையைத்தான் சொல்லும்.