பயண நோக்கம்

சீயமங்கலத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும்போதெல்லாம் இராஜகிரியை ஏறிட்டுப் பார்ப்பேன். உச்சிக்குச் சற்றுக் கீழே ஆழமான பாறைப் பிளவு ஒன்றுண்டு. அதன் குறுக்கே கிடந்த மரப்பாலத்தை உள்ளிருப்போர் விலக்கிவிட்டால் எவரும் நுழைய இயலாது. 1690-இல் முற்றுகையிட்ட மொகலாயர்க்குக் கோட்டை 1698-இல்தான் வசப்பட்டது. இன்றோ, நுழைவுச் சீட்டு வாங்கிய எவரும் ஏறலாம். மலை அதேதான், "நீ வரலாம்" என்று சொல்லும் அதிகாரமே கைமாறியிருக்கிறது.

அருணாசலப் பிரதேசத்திற்குச் சென்று வந்தபின் இந்த எண்ணம் என்னை விடவில்லை. அங்கே செல்ல வெளிமாநில இந்தியருக்கும் 'இன்னர் லைன் பெர்மிட்' எனும் அனுமதிச் சீட்டு வேண்டும். ஆங்கிலேயர் 1873-இல் பிறப்பித்த வங்காளக் கிழக்கெல்லை ஒழுங்குமுறையே அதன் வேர். தேயிலைத் தோட்டக்காரர்கள் மலைக்குள் புகுந்து பூசல் விளைந்தால் அரசுக்குத் தொல்லை என்ற கணக்கில் கிழிக்கப்பட்ட கோடு அது. மலைமக்கள்பால் பெரும் பரிவு இருந்ததாகத் தெரியவில்லை. ஆயினும் இன்று அம்மக்களே அதைத் தம் நிலத்துக்கு வேலியாகப் போற்றுகின்றனர். மணிப்பூர் பல்லாண்டு போராடி 2019 டிசம்பரில் அதைப் பெற்றது. தன்னலத்தில் பிறந்த சட்டம் எளியோர்க்கு அரணாகுமா? ஆகும் என்றே கருதுகிறேன். சமவெளியினரிடம் நிலமிழந்த பழங்குடியினரை நம் சேர்வராயன் மலைப்பக்கம் கண்டவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவு தெரிந்த நான் செய்ததைச் சொல்ல வேண்டும். என் தமக்கை மகள் அங்கே பள்ளியொன்றில் பணியாற்றும் அருட்சகோதரி. அவளைக் காணவும், அவ்வூர் மக்களுக்கு மூன்று நாள் தியானம் நடத்தவுமே சென்றேன். விண்ணப்பத்தில் 'பயண நோக்கம்' என்றொரு கட்டம். "சுற்றுலா என்று போடுங்கள் சாமி, தாமதம் ஆகாது" என்றார் உடன் வந்த அன்பர். போட்டேன். பாந்தர்தேவா சோதனைச் சாவடியில் காவலர் சீட்டைப் பார்த்துப் புன்னகையோடு, "சுற்றிப் பார்க்கவா?" என்றார். தலையசைத்தேன்.

மலையையும் பார்க்கத்தானே போகிறோம் என்று மனத்துக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். குருமடத்தில் 'மன ஒதுக்கீடு' என்று படித்தது இதைத்தான். திருத்தந்தை பதினோராம் இன்னொசென்ட் 1679-இலேயே அத்தகைய சாக்குகளைக் கண்டித்துவிட்டார் என்பதும் அதே வகுப்பில் படித்ததுதான்! சிறு பொய் என்பதன்று என் உறுத்தல். "யார் வருவது?" என்று கேட்பது வீட்டுக்காரரின் உரிமை. வேறு பெயர் சொல்லி உள்ளே வந்தவன், நல்லதே செய்தாலும், அக்கேள்வியைத் திருடிவிட்டான். நம் புதுவைப் பகுதியில் உழைத்த பாரிஸ் வேதபோதக சபையின் குருக்கள் கிரிக், பூரி இருவரும் 1854-இல் திபெத்துப் பயணத்தின்போது கொல்லப்பட்டனர். அவர்கள் கொடுத்தது உயிர். நான் மிச்சப்படுத்தியது இரண்டு நாள் தாமதம்.

இதைச் சொன்னபோது மருமகள் சிரிக்கவில்லை. "ஊர்ப் பெரியவர்கள் கூப்பிட்டதால்தான் மாமா நாங்கள் இங்கே இருக்கிறோம். என்ன வேலைக்கு வந்தோம் என்பது அவர்களுக்குத் தெரியும்" என்றாள்.

வரும் கோடையில் மீண்டும் அழைத்திருக்கிறாள். விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன், 'நோக்கம்' என்ற கட்டத்தில் இம்முறை இரண்டு வரி எழுத வேண்டியிருந்தது. பதில் இன்னும் வரவில்லை.