சுவரின் வில்லங்கம்

மேற்கு மாம்பலத்தில் ஒரு பழைய வீடு விலைக்கு வந்தது. 1970களில் கட்டியது. வாசலில் வேப்பமரம், கூடத்தில் ஊஞ்சல், காலுக்குக் குளிர்ந்த சிவப்பு சிமெண்ட் தரை. தாய்ப் பத்திரம் சரியாக இருந்தது. 30 வருடத்து வில்லங்கச் சான்றிதழும் சுத்தமாக வந்தது. பதிவுக்குப் பத்து நாள் இருந்தது. ஊஞ்சலில் உட்கார்ந்து ஒருமுறை ஆடியதுமே மனசுக்குள் வீட்டை வாங்கி முடித்துவிட்டேன்.

"பத்திரத்தைப் பார்த்தீங்க, பைப்பைப் பார்த்தீங்களா?" என்றார் மைத்துனர். ஒரு பிளம்பரைக் கூட்டிப்போனேன். வயதானவர். ஊஞ்சல் பக்கம் திரும்பவேயில்லை. நேரே போய்க் குளியலறையின் பின்சுவரைத் தடவினார்.

"வீடு முழுக்கப் பழைய பெயிண்ட். இந்தச் சுவர் மட்டும் ஏன் சார் புதுசு?"

நகத்தால் சுரண்டினார். பூச்சு பொரிந்து மாவாக உதிர்ந்தது. உள்ளே ஊறும் ஈரம் செங்கல்லின் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வருகிறது. காயும்போது உப்பை விட்டுவிட்டுப் போகிறது. அதைத்தான் சுவர் பூத்திருக்கிறது என்கிறோம்.

அந்தக் காலத்து வீடுகளில் சுவருக்குள் ஓடுவது ஜி.ஐ. குழாய். இரும்புக்கு மேல் துத்தநாகப் பூச்சு. மரை வெட்டும்போது அந்தப் பூச்சு போய்விடும். அதனால் துரு முதலில் இணைப்புகளில்தான் வாய் வைக்கும். உப்புத் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம்.

அன்றிரவு பிளம்பர், வீட்டுக்காரர்களை வாளிகளில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, எல்லாக் குழாய்களையும் மூடினார். மாடித் தொட்டிக்குள் நீர்மட்டத்தில் ஆணியால் ஒரு கீறல் போட்டார். காலையில் போய்ப் பார்த்தோம். கீறலுக்குக் கீழே நாலு விரல்கடை இறங்கியிருந்தது. யாரும் ஒரு குழாயையும் திறக்கவில்லை.

வீட்டுக்காரப் பெரியவர் திகைத்து நின்றார். "நாப்பது வருஷமா இருக்கேன், எனக்கே தெரியலையே!" அவர் மனைவிதான் மெதுவாகச் சொன்னார்: "முன்னாடி மோட்டார் ஒரு வேளை போட்டாப் போதும். இப்ப ரெண்டு வேளை போடறோமே, அதானா?" சுவரில் அழுக்கு படிகிறதென்று மகன் போன வருடம் பெயிண்ட் அடித்துக் கொடுத்தாராம். நான் நம்பினேன்.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆவது பிரிவில் இதற்கு ஒரு நியாயம் சொல்கிறது. தனக்குத் தெரிந்த பெருங்குறையை, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்பவர் சொல்லியாக வேண்டும். ஆனால் குறையோடு கூடவே வாழ்ந்தவருக்கு அது குறையாகத் தெரிவதில்லை. மோட்டாரை இன்னொரு வேளை போட்டுக்கொள்கிறார். ஆசைப்பட்டவனுக்கோ அந்தச் சாதாரணக் கவனம்கூட இருப்பதில்லை. நான் ஊஞ்சலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எல்லாம் எளிதாக முடிந்தது. பழைய குழாய்களை அப்படியே விட்டுவிட்டு, சுவருக்கு வெளியே புதுக் குழாய் இழுக்க ஆகும் செலவை விலையில் கழித்தோம். காபி குடித்துக்கொண்டே பேசி முடித்த கணக்கு அது.

பதிவு முடிந்து ஒரு மாதம் கழித்து அதே சுவர் உதிர்ந்திருந்தால்? பெயிண்ட் அடித்து மறைத்து என் தலையில் கட்டிவிட்டார் என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பேன். வக்கீலைப் பார்த்திருப்பேன். அதே கசிவு, அதே பெரியவர். கையெழுத்துக்கு முன்னால் தெரிந்தால் குறை. பின்னால் தெரிந்தால் துரோகம். பெண் பார்ப்பதிலிருந்து கூட்டுத் தொழில் வரை, துருவிக் கேட்டால் மரியாதைக் குறைவு என்று கூசுகிறோம். ஆனால் அன்று ஆணியால் போட்ட அந்தக் கீறல்தான், பிற்பாடு அந்த மனிதரை நான் சந்தேகிக்காமல் காப்பாற்றியது.

விலை பேசி முடித்த அன்றிரவு வீடு திரும்பியதும், பத்து வருடமாக நான் குடியிருக்கும் வாடகை வீட்டின் தொட்டியிலும் ஒரு கீறல் போட்டு வைத்தேன்.

காலையில் இரண்டு விரல்கடை இறங்கியிருந்தது.