யாருடைய பயத்துக்கு மருந்து?

ஆனைக்குட்டத்தில் ஒரு குழந்தையின் ரத்தச் சீட்டில் பிளேட்லெட், அதாவது தட்டணு, 12 லட்சம் என்று வருவதாக வைத்துக்கொள்வோம். ஒன்றரை முதல் நாலரை லட்சம் வரைதான் இயல்பு. ஜோசியர் தோஷம் என்பார், பரிகாரம் சொல்வார். மருத்துவரிடமோ பெற்றவர்கள், "எப்படியாவது இதைக் குறைச்சிருங்க சார்" என்பார்கள். இரண்டு இடத்திலும் அவர்கள் தேடுவது தங்கள் பயத்துக்கான மருந்து. அதை விழுங்கப்போவது குழந்தை.

குழந்தைகளுக்குத் தட்டணு கூடுவதற்குப் பெரும்பாலும் காரணம் கிருமித்தொற்று, இரும்புச்சத்துக் குறைவு போன்றவை. அவை சரியானால் எண்ணிக்கை தானாக இறங்கும். எலும்பு மஜ்ஜையே கட்டுப்பாடின்றித் தட்டணுக்களை உருவாக்கும் எசென்ஷியல் த்ராம்போசைத்தீமியா, குழந்தைகளிடம் மிக மிக அபூர்வம். 2005இல் கண்டறியப்பட்ட ஜாக்2 மரபணு மாற்றம் இதற்கு ஒரு காரணம். பெரும்பாலும் மஜ்ஜையின் ஒரு செல்லில் தற்செயலாக நேர்வது அது. எந்த முற்பிறவியும் அதற்குக் கணக்கு வைத்திருக்கவில்லை.

அந்த நோயே என்றாலும், தொந்தரவு ஏதும் இல்லாத குழந்தையைக் கவனித்து வருவதே பல நேரம் சரியான சிகிச்சை. ரத்தம் உறைந்து ஆபத்து வந்தவர்களுக்குத் தரும் ஹைட்ராக்சியூரியா, செல்கள் பெருகுவதையே அடக்கும் மருந்து. வளரும் உடம்பில் சீட்டின் எண்ணை அழகாக்க மட்டும் அதை வருடக்கணக்கில் ஊற்றுவது அறமா? தட்டணு 10 லட்சத்தைத் தாண்டினால், ரத்தத்தை உறையவைக்கும் வான் வில்லிபிராண்ட் புரதம் குறைந்து ரத்தக்கசிவும் வரலாம். அதைச் சோதிக்காமல், ரத்தம் உறைவதைத் தடுக்கத் தரும் ஆஸ்பிரினைக்கூடக் கொடுக்கக் கூடாது.

ஆஸ்பிரின் சாப்பிடும் குழந்தைக்குச் சின்னம்மை போட்டால்? இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு, வேப்பிலை செருகி, ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத வீடுகள் நம்மிடம் உண்டு. அம்மையும் ஆஸ்பிரினும் சேர்ந்தால், ஈரலையும் மூளையையும் தாக்கும் ரெய் நோய் வரக்கூடும். விடாத வாந்தி, மயக்கம், வலிப்பு, மரணம். முதல் கொப்புளம் கண்ட அன்றே மருத்துவருக்குத் தெரிந்தாக வேண்டும். ஆத்தா கோபிப்பாள் என்று மறைப்பவர்களை நான் பக்தர்கள் என்று ஒப்பமாட்டேன்.

ஆஸ்பிரின் தொடங்குவதற்கு முன்பே சின்னம்மைத் தடுப்பூசியைப் பற்றிக் கேளுங்கள். அரசின் இலவச அட்டவணையில் அது இல்லை, காசு கொடுத்துத்தான் போட வேண்டும். பரிகாரத்துக்குப் புரட்டிய பணத்தை அதற்குக் கொடுங்கள்.