மறைத்தல் யாருக்காக?

நோயுற்றோரைக் கண்டு நலம் விசாரித்தல் நற்பண்பு என்பதை நாம் அறிவோம். ஆயின், மார்பில் அறுவை முடிந்து வீடு திரும்பிய பெண்ணிடம் நாம் கூறும் முதற்சொல் என்ன? "பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை" என்பதன்றோ? இச்சொல் ஆறுதல் அளிப்பது அவளுக்கா, நமக்கா? இவ்வினாவைத் தம் வாழ்வைக் கொண்டே ஆராய்ந்தவர், அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட்.

1934இல் நியூயார்க்கில் பிறந்த அவர், 1978இல் புற்றுநோயால் ஒரு மார்பை இழந்தார். மருத்துவமனையில் அவரைக் காண வந்த தொண்டர் ஒருவர், ஆட்டு மயிர் அடைத்த பொய்மார்பொன்றைப் பரிவோடு அளித்தார். அதன் நிறமோ வெளிறிய இளஞ்சிவப்பு! கறுத்த மேனியர்க்கும் இந்நோய் வரும் என்பதை அதனைச் செய்தோர் எண்ணவே இல்லை. சில நாள் கழித்து, அதனை அணியாமல் மருத்துவரிடம் சென்றார். அங்கிருந்த தாதியோ, இவ்வாறு வருவது அவ்விடத்தாரின் மனத்திடத்தைக் கெடுக்கும் எனக் கடிந்துகொண்டார். உறுப்பை இழந்தவர் ஒருவர். மனம் கலங்கக் கூடாதவர்களோ பிறர்!

போரில் கண்ணிழந்த தளபதி அதனைக் கறுப்புத் துணியால் கட்டிக்கொண்டு உலவினால் வீரர் என்று போற்றும் உலகம், நோயோடு போராடிய பெண்ணின் தழும்பை மட்டும் ஏன் காணக் கூசுகிறது? 1980இல் வெளியான 'தி கேன்சர் ஜர்னல்ஸ்' என்னும் நூலில் அவர் எழுப்பிய வினா இது.

அப்படியாயின் மறைத்தல் குற்றமா? அன்று. அரபு மொழியில் மறைத்தலைக் குறிக்கும் சொற்களுள் 'ஸத்ர்' என்பது போர்த்திக் காத்தல். 'கித்மான்' என்பது வெளியிடாது உள்ளடக்குதல். தன் மேனியைப் போர்த்திக்கொள்வது அவளது உரிமை. பொய்மார்பு அணிவதும் அவள் விருப்பமே. பிறர் மனம் நோகாதிருக்கத் தன் துயரையே உள்ளடக்கு என்பதுதான் கொடுமை. உடையால் உடலை மறைத்தவள், வாயால் தன் வலியையும் மறைக்க வேண்டுமோ?

இவ்வாறு ஒவ்வொருத்தியும் மறைத்தால், ஒரே துயருற்ற இருவர் அருகருகே இருந்தும் ஒருவரையொருவர் அறியார். அமெரிக்காவில் இந்நோய் காணும் விகிதம் வெள்ளையரைவிடக் கறுப்பினப் பெண்களிடம் சற்றே குறைவு. இறப்பு விகிதமோ ஏறக்குறைய 40 சதவீதம் அதிகம். காலந்தாழ்ந்து கண்டறிதல், சிகிச்சையில் ஏற்றத்தாழ்வு, கடுமையான நோய்வகை எனக் காரணங்கள் பல. பேச்சு ஒன்றே இவற்றைத் தீர்த்துவிடாது. பேசாதிருந்தாலோ எதுவும் தீராது.

லார்டைத் தாங்கி நின்றது தோழியரின் அன்பு. நோய் ஈரலுக்குப் பரவி, 1992இல் அவர் மறைந்தார். ஈராண்டு கழித்து, 1994இல், இந்நோயிலிருந்து மீண்ட கேரன் ஜாக்சன் என்னும் கறுப்பினப் பெண்மணி ஹூஸ்டன் நகரில் 'சிஸ்டர்ஸ் நெட்வொர்க்' என்ற சங்கத்தை நிறுவினார். தம் நிறத்தவரோடு அமர்ந்து மனம் திறக்க அங்கே பாய் விரிந்தது.

ஆகவே, நலம் விசாரிக்கச் செல்லும் நாம் "ஒன்றும் தெரியவில்லை" என்று கூறி விரைந்து எழுந்துவிட வேண்டாம். "எப்படி இருக்கிறாய்?" எனக் கேட்போம். உண்மையான விடை வரும்வரை உடன் அமர்ந்திருப்போம்.