அஞ்சி உரைத்த 'ஆம்'

அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் தண்டனை பெறுவோருள் நூற்றுக்கு 95 பேருக்கு மேற்பட்டோர் தாமே குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள். மனச்சான்று விழித்ததன் அடையாளமா இது? அச்சத்துக்கும் இதில் பெரும்பங்கு உண்டு.

500 கிராம் கொக்கெய்ன் விற்க வைத்திருந்த குற்றத்திற்குக் குறைந்தது 5 ஆண்டுச் சிறை. 5 கிலோவுக்கு 10 ஆண்டு. சில விலக்குகள் தவிர, நீதிபதி இரங்கினாலும் குறைக்க இயலாது. 1984ஆம் ஆண்டுச் சட்டம் பரோலையும் நீக்கிற்று. எந்தக் குற்றத்தைச் சாட்டுவது என்பதோ அரசு வழக்கறிஞர் கையில். ஒப்புக்கொண்டால் சிறு குற்றம். வழக்காடித் தோற்றால் பெருங்குற்றம்.

குற்றமற்ற ஒருவர் பிள்ளைகளை எண்ணி இதற்கு இசைகிறார் என்று கொள்வோம். அச்சுறுத்தலின்றி மனமுவந்து ஒப்புகிறீரா என்று நீதிபதி கேட்டாக வேண்டும், அது விதி. ஆணையிட்ட நாவினால் அவர் 'ஆம்' என்கிறார். பொய்ச்சான்றுதான், மறுப்பதற்கில்லை. ஆயினும் அச்சம் பொறுப்பைக் குறைக்கும் என்பது பழைய அறநெறி. குறைந்த பொறுப்பு எங்கே போகிறது? அப்பொய்யை விடுதலையின் விலையாகக் கேட்டவர்களிடமே என்பேன்.

அந்த 'ஆம்' சிறையோடு முடிவதுமில்லை. குடியுரிமை இல்லாதவர் நாடு கடத்தப்படலாம். இவ்வாபத்தை வழக்கறிஞர் முன்னரே எடுத்துரைக்கக் கடமைப்பட்டவர் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததே 2010இல்தான்.