ஊசியும் கப்பும் மூலிகையும்: சீன வைத்தியத்தை நாடலாமா?



ஓசூர் சிப்காட்டில் நின்றபடியே வேலை பார்ப்பவருக்கு இடுப்பு வலி. குனிந்து நுணுக்க வேலை செய்பவருக்குக் கழுத்து வலி. பகலில் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அன்றைய கூலி போய்விடும். எனவே ஷிப்ட் முடிந்த பிறகு அக்குபங்சர், கப்பிங் என்று போர்டு மாட்டிய அறைகளைத் தேடுகிறார்கள். சிலர் எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்கும் பெங்களூருக்கும் போகிறார்கள். பிறகு கேட்கிறார்கள்: “ஹஜ்ரத், இது சீனாக்காரர்களின் வைத்தியம். அவர்களுடைய கொள்கையும் அதில் கலந்திருக்கிறது. நமக்கு ஆகுமா?”

ஒன்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் முன் அது என்னவென்று தெரிய வேண்டும். உடலில் ‘சி’ என்ற உயிர்சக்தி சில பாதைகளில் ஓடுகிறது, அது தடைபட்டால் நோய் வருகிறது என்பது சீன வைத்தியர்களின் பழைய கருத்து. அதைச் சீராக்க மெல்லிய ஊசி குத்துவார்கள். மாசிபத்திரி இனத்து இலையைக் காயவைத்துச் சுருட்டி, பற்றவைத்து, தோலுக்கு அருகே காட்டிச் சூடு கொடுப்பார்கள். கப் வைத்துத் தோலை உறிஞ்சி இழுப்பார்கள். துய்னா என்ற பெயரில் அமுக்கிப் பிடித்துவிடுவார்கள். இவற்றோடு மூலிகைக் கஷாயம், உணவுப் பத்தியம், மூச்சுப் பயிற்சி. அக்குபங்சர் நம் நாட்டுக்குப் புதிதல்ல. சீனா சென்று கற்றுவந்த டாக்டர் பி.கே. பாசு 1959-லேயே கொல்கத்தாவில் அதைத் தொடங்கிவிட்டார்.

இவற்றில் இரண்டு நமக்குப் பழக்கமானவை. தேன், ஹிஜாமா, நெருப்புச் சூடு ஆகிய மூன்றில் நிவாரணம் இருப்பதாகவும், சூடு போடுவதைத் தம் உம்மத்துக்குத் தடுப்பதாகவும் நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி புகாரியில் இருக்கிறது. அதே நபியவர்கள் ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களின் காயத்துக்குச் சூடு போட்டதாக முஸ்லிமில் வருகிறது. அவசியம் இல்லாதபோது அது வெறுக்கத்தக்கது என்றே உலமாக்கள் பலர் இரண்டையும் இணைத்து விளங்கினார்கள். ஆகவே கொப்புளம் வரச் சுடும் முறையைத் தவிருங்கள். வெதுவெதுப்பாகச் சூடு காட்டுவது வேறு விஷயம். கப்பிங்கிலும் எல்லாமே ஹிஜாமா ஆகிவிடாது. கீறி இரத்தம் எடுத்தால்தான் அது ஹிஜாமா. வெறும் கப்பை வைத்துவிட்டு ‘சுன்னத்’ என்று விலை கூட்டுவது வியாபாரம்.

கொள்கையைப் பொறுத்தவரை, ஜாஹிலிய்யா காலத்து ஓதிப்பார்த்தலைப் பற்றிக் கேட்கப்பட்டபோது நபியவர்கள் மொத்தமாகத் தள்ளவில்லை. அவற்றைத் தம்மிடம் எடுத்துக் காட்டச் சொன்னார்கள். ஷிர்க் இல்லாதவரை குற்றமில்லை என்றார்கள். இந்த ஒரு ஹதீஸ் போதும். ஊசியின் பலனை ஏற்பதற்காக ‘சி’யைச் சுயமாக இயங்கும் சக்தி என்று நம்ப வேண்டியதில்லை. ஷிஃபா அல்லாஹ்விடமிருந்து வருகிறது. பாராசிட்டமாலே குணமாக்குகிறது என்று நம்புபவருக்கும் இதே எச்சரிக்கைதான். தப்ரீஸில் அமைச்சராக இருந்த மருத்துவர் ரஷீதுத்தீன் 1313-இல் சீன மருத்துவ நூல்களைப் பார்ஸியில் மொழிபெயர்க்கச் செய்தார். நம் முன்னோர் பயந்து ஒதுங்கவில்லை, படித்துப் பார்த்தார்கள்.

மூலிகைதான் கவனம் வேண்டிய இடம். சீன மூலிகை நூலொன்றில் குறிப்பு கண்டு, து யூயூ என்ற விஞ்ஞானி மலேரியாவுக்கு ஆர்ட்டெமிசினின் மருந்தைக் கண்டெடுத்தார்; 2015-இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் இளைக்கச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்கள் பலரின் சிறுநீரகம் பழுதானது. ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனத்து வேர் கலந்துவிட்டிருந்தது. நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையும் அதே இனம்தான்! ‘இயற்கை’ என்ற சொல் பாதுகாப்புச் சான்றிதழ் அல்ல. கழுதைத் தோல் பிசின், சாராயத்தில் ஊறவைத்த மருந்து போன்றவையும் அங்கே உண்டு. லேபிளைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

வைத்தியம் தெரிந்தவராக அறியப்படாமல் வைத்தியம் பார்ப்பவர், கேடு நேர்ந்தால் அதற்குப் பொறுப்பாளி என்று நபியவர்கள் தீர்த்துச் சொன்னார்கள். ஒரு வாரப் பயிற்சிச் சான்றிதழை மாட்டிவிட்டு, “இன்சுலினை நிறுத்துங்கள், டயாலிசிஸ் வேண்டாம், ஊசியே போதும்” என்பவர் இந்த ஹதீஸின் கீழ் வருகிறார். அவர் நம் ஜமாஅத்துக்காரராக, தாடி வைத்தவராக இருந்தாலும் சரி. முதுகு வலிக்கு ஊசி குத்திக்கொள்வதற்கும், டைப் 1 சர்க்கரை நோயுள்ள பிள்ளையின் இன்சுலினை நிறுத்துவதற்கும் இடையே உயிர் இருக்கிறது. அந்த உயிர் நம்மிடம் அமானிதம். நிறுத்தச் சொன்னவர் மட்டுமல்ல, கேட்டு நிறுத்திய தகப்பனும் நாளை பதில் சொல்ல வேண்டும். தவக்குல் என்ற பெயரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். மருந்து செய்துகொள்ளலாமா என்று கேட்ட கிராமவாசிகளுக்கு, செய்யுங்கள் என்றே பதில் கிடைத்தது.

அடுத்த முறை போகும்போது சுகர், பி.பி. ரிப்போர்ட்டையும் மாத்திரைச் சீட்டையும் கையில் கொண்டுபோங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர் அதைச் சொல்லாமல் ஹிஜாமாவுக்கு உட்காரக் கூடாது. ஊசி உங்கள் கண் முன்னே புது உறையிலிருந்து பிரிக்கப்படுகிறதா என்று பாருங்கள்; மஞ்சள் காமாலைக் கிருமி சுன்னத்தையும் சீனாவையும் பிரித்துப் பார்க்காது. சீட்டை வாங்கிப் படிக்காமலே ஊசியைக் கையில் எடுப்பவரிடமிருந்து, கொடுத்த பணம் போனாலும் பரவாயில்லை, எழுந்து வந்துவிடுங்கள்.